நாலு பத்துக்கு வந்த விருந்தாளி

இதில் ஒரு வார்த்தைகூட நான் சேர்த்துச் சொல்லவில்லை. நம்பாதவர்கள் நாரின் மலைக்கு வாருங்கள். அந்தப் பையைக் காட்டுகிறேன்.

ஜனவரி பதினேழு. இரண்டு பிள்ளைகளைப் புதைத்த வீடு எங்களுடையது. மூன்றாவதாகப் பிறந்தவனுக்கு டொக்தோசுன் என்று பெயர் வைத்தோம். 'நிற்கட்டும்' என்று அர்த்தம். பிள்ளை தங்காத வீடுகளில் இப்படித்தான் வைப்போம். ஏழு மாதம் நின்றான். அன்று அவன் உடம்பு காய்ச்சலில் கொதித்தது. கீழூர் கம்பவுண்டருக்குக் காலையிலேயே போன் செய்துவிட்டோம். ஆனால் கணவாய் முழுக்கப் பனி. மதியத்துக்குமேல் போனும் வேலை செய்யவில்லை.

"ஏன்? ஒரே ஒரு காரணம் சொல்லு," என்று கூரையைப் பார்த்துக் கடவுளிடம் கத்தினேன்.

"வாய அடக்குங்க. அவன் காதுல விழும்," என்றாள் என் மனைவி ஜூரா, உள்ளறையில் தொட்டிலை ஆட்டியபடி.

"விழட்டும். அதுக்குத்தான் கத்துறேன்."

மாலை 4.10. டக்... டக்...

கதவைத் திறந்தேன். கறுப்பு மேல்கோட்டு போட்ட ஒருவன். முன்பின் பார்த்ததில்லை. குதிரை இல்லை. அந்தக் கொட்டும் பனியில் அவன் தோளில் ஒரு பொட்டுப் பனி இல்லை. யாரைக் கண்டாலும் பாயும் என் நாய் கொட்டகைக்குள் முனகியது.

"கடவுளோட விருந்தாளி வந்திருக்கேன்," என்றான்.

எங்கள் மலையில் இப்படிச் சொல்லி வருபவனிடம் பெயர்கூடக் கேட்கக் கூடாது. பகையாளியானாலும் உள்ளே அழைத்து ரொட்டியும் தேநீரும் கொடுக்க வேண்டும். எத்தனையோ பேருக்குக் கொடுத்தவன்தான் நான். அன்று வாசலை மறித்து நின்றேன்.

"உன் கடவுள் இந்த வீட்டுல ரெண்டு தடவ வயிறாரச் சாப்பிட்டாச்சு. இனி ஒண்ணும் இல்லன்னு போய்ச் சொல்லு."

"உள்ள விடுங்க. நேரமாச்சு."

அந்தக் குளிரில் பேசினான்... வாயிலிருந்து ஆவி வரவில்லை.

அறைந்து சாத்தினேன். தாழ் போட்டேன்.

4.20. டக்... டக்... பின்சுவரில். அங்கே கதவே கிடையாது.

"யாருங்க?" என்று உள்ளறையிலிருந்து ஜூரா கேட்டாள்.

"காத்து," என்றேன்.

4.35. தொட்டிலை ஒட்டிய சுவரில்... மெதுவாக.

4.40. தட்டுவது நின்றது.

டொக்தோசுனின் மூச்சும்.

மூன்றாம் நாள் வழி திறந்தது. கணவாய்ப் பள்ளத்திலிருந்து கம்பவுண்டரை எடுத்து வந்தார்கள். வேலைக்கு வந்து ஒரு மாதமே ஆன புது ஆள். போர்வையை விலக்கினார்கள். அதே முகம். அதே கறுப்பு மேல்கோட்டு. அவர் கைக்கடிகாரம் உடைந்து 1.50இல் நின்றிருந்தது. விழுந்ததுமே உயிர் போயிருக்கும் என்றார்கள்.

"மருந்துப் பைதான் எங்க தேடியும் கிடைக்கல," என்றார் ஒருவர்.

பை எங்கள் வாசலில் இருந்தது. பனியை வாரும்போது ஜூராதான் எடுத்தாள். ஊசியும் மருந்தும் அப்படியே இருந்தன. கூடவே ஒரு சீட்டு: 'டொக்தோசுன், ஏழு மாதம்.'

செத்தவனை அனுப்பத் தெரிந்தவனுக்கு அவனை உயிரோடு அனுப்பத் தெரியாதா? இன்றும் கூரையைப் பார்த்துக் கேட்கிறேன்.

ஜூரா அந்தச் சீட்டை இரண்டு தடவை படித்தாள்.

"காத்துன்னு சொன்னீங்க," என்றாள்.

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசியதே இல்லை.