ரத்தக்காரக்கா

வாயைக் குவித்து, தொடையிலிருந்த காயத்தின்மேல் மெல்ல ஊதுகிறாள். ஈரச் சிவப்பு எப்போதோ காய்ந்துவிட்டது. ஆனாலும் இன்னொரு முறை ஊதுகிறாள். "அவ்ளோதான் ராஜா, முடிஞ்சுது. இனிமே எரியாது." பேசுவது பிளாஸ்டர் சிலையிடம். உடம்பெல்லாம் அம்பு தைத்து, மரத்தோடு கட்டப்பட்டு நிற்கும், கிறிஸ்துவுக்காக உயிர்விட்ட வேதசாட்சி. கோயில் பீடத்தில் ஏறிவிட்டால் ஊரே அவர்முன் மண்டியிடும். இங்கே அவளுக்கு அவர் அடிபட்டு வந்த பிள்ளை.

சிலைக்கூடத்தில் ரத்தக்காரக்கா என்றால்தான் அவளைத் தெரியும். காயம் தீட்டுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. சிவப்பில் துளி நீலம் கலப்பாள். "இல்லேன்னா தக்காளிச் சாறு மாதிரி இளிக்கும்" என்பாள். ஆனால் கறிக்கடைப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டாள். நிஜ ரத்தத்தைக் கண்டால் மயக்கம் வந்துவிடும்.

முகம் தீட்டுபவர் விடுப்பில் போனதால் இந்த முறை கண்களும் அவள் கைக்கு வந்தன. பிற்பகல் வெயிலில் பிளாஸ்டர் தூசி மிதக்க, கூடமே தண்ணீருக்குள் அமிழ்ந்து கிடப்பதுபோல் இருந்தது. கை தன்பாட்டுக்கு ஓடியது. தள்ளி நின்று பார்த்தால், சிலையின் தலை அண்ணாந்திருக்க, கண்மணிகள் மட்டும் கீழே இறங்கி அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டார். "என்னக்கா இது? வேதசாட்சின்னா மேலதானே பாக்கணும்? நாளைக்கு ஃபாதர் வந்தா வேணாம்னுட்டுப் போயிடுவாரு."

"கும்பிடுறவங்கள ஒரு தடவ பாத்தா கொறஞ்சா போயிடுவாரு?"

தூரிகையை மேசையில் வைத்துவிட்டாள். பக்கவாதத்தில் விழுந்ததிலிருந்து அவள் கணவர் கூரையை மட்டுமே பார்த்துக்கொண்டு கிடக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டினாலும், துடைத்துவிட்டாலும், பேர்சொல்லிக் கூப்பிட்டாலும் பார்வை திரும்புவதில்லை. தன்னை அவருக்கு இன்னும் தெரிகிறதா என்ற ஒரே கேள்விதான் அவளை அரித்துக்கொண்டிருந்தது.

முதலாளி தணிந்து பேசினார். "அவரு சும்மா மேல பாக்கலக்கா. அங்க ஒருத்தர் இருக்காருன்னு பாக்குறாரு."

அவள் டர்பன்டைனில் நனைத்த துணியால் கண்மணிகளை அழித்து, மேலேற்றித் தீட்டினாள். வியர்வையைப் புறங்கையால் துடைத்தபோது, கிண்ணத்திலிருந்து கையில் பட்டிருந்த காயச் சிவப்பு நெற்றியில் அப்பிக்கொண்டது.

"அக்கா, நெத்தியில ரத்தம்" என்றார் முதலாளி.

"கெடக்கட்டும் விடு."

வீட்டில் மாலை வெளிச்சம் சுவரில் மங்கிக்கொண்டிருந்தது. அவள் வழக்கம்போல் பக்கத்து நாற்காலியில் உட்காரவில்லை. கட்டில்மேல் ஏறி, இருபுறமும் கையூன்றி, கூரைக்கும் அவருக்கும் நடுவில் தன் முகத்தைக் கொண்டுபோய் வைத்தாள்.

"நான்தான். மேல வந்துட்டேன், பாருங்க."

வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு அவர் கண்கள் மெதுவாக அசைந்து, அவள் நெற்றிக்கு வந்து நின்றன. ஒருபக்கம் கோணிய வாயைச் சிரமப்பட்டுக் குவித்து, அந்தச் சிவப்பின்மேல் ஊதினார்.