பெயர் மாறிய ஃபைலும் பதினெட்டாவது ஆளும்

போன புதன்கிழமை காலை, மணி ஆறு பத்து. எங்கள் தெருச் சங்கத்தின் சார்பில் கண்புரை ஆபரேஷனுக்கு ஆட்களை அரக்கோணம் கூட்டிப் போக வேன் வந்து நிற்கிறது. என் கையில் பட்டியல். அதில் பதினேழு பேர். வேன் பக்கத்தில் நின்றவர்களை எண்ணினேன். பதினெட்டு. மறுபடி எண்ணினேன்... பதினெட்டேதான்!

பட்டியலில் இல்லாதவர் அம்மையார்குப்பம் முனுசாமி. தறி ஓட்டுகிறவர். இழை அறுந்தால் விரலால் தடவித்தான் கண்டுபிடிக்கிறார்.

"லிஸ்ட்ல பேர் இல்லன்னா ஆஸ்பத்திரில சேக்க மாட்டாங்க சார்" என்றார் டிரைவர்.

முனுசாமி பதறினார். "இத விட்டா அடுத்த கேம்ப் மூணு மாசம் ஆவுங்க. அதுவரிக்கும் மொதலாளி காத்துகினு இருப்பாரா? வேற ஆள வெச்சிப்பாரு!"

விஷயம் இதுதான். என் கம்ப்யூட்டரில் இரண்டு எக்ஸெல் ஃபைல்கள். முதல் ஃபைலில் பெயரைச் சேர்த்தால், வேன் பட்டியல் தானே எடுத்துக்கொள்ளும் – அப்படி லிங்க் கொடுத்திருந்தேன். முந்தின நாள் வேன் பட்டியலைத் திறந்தபோது, 'மூல ஃபைல் கிடைக்கவில்லை' என்று ஒரு பெட்டி வந்தது. இப்படி எத்தனை பெட்டிகளைப் படிப்பது? அன்று மட்டும் பதினொன்று! 'தொடர்க' என்று அழுத்தினேன். பழைய பதினேழு பெயர்கள் சமர்த்தாக அச்சாகி வந்தன.

பெயர் சேர்ப்பது பக்கத்து வீட்டு வெங்கடேசனின் பொறுப்பு. அங்கேதான் நின்றிருந்தார்.

"முனுசாமி பேர சேத்தீங்களா?"

"ஆங், திங்கக்கெழமையே சேத்துட்டேன் சார்."

"வேற எதையாவது தொட்டீங்களா?"

"ஒண்ணும் தொடலீங்க. ஆபரேஷன் காரியமாச்சே... ஃபைல் பேருக்கு முன்னால ஒரு பிள்ளையார் சுழி போட்டேன். அவ்ளோதான்."

அவ்வளவுதானாம்! ஒரு 'உ' கூடியதும் அந்த ஃபைல் எதுவென்றே வேன் பட்டியலுக்குத் தெரியவில்லை. கம்ப்யூட்டர் வந்தால் வேலை குறையும் என்றார்கள். எங்களுக்கு ஆள்தான் குறைந்தது.

முனுசாமியின் பெயரைப் பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். டிரைவர் அசையவில்லை. ஆஸ்பத்திரிக்கு போன் போட்டேன். நான்காவது முறை எடுத்தார்கள்.

"கையெழுத்து இருந்தா போதும் சார், அனுப்புங்க."

இதை எனக்குச் சொன்னால் போதுமா? டிரைவர் காதில் போனை வைத்தேன். அதற்குப் பிறகுதான் முனுசாமியால் வேனில் ஏற முடிந்தது.

மறுநாள் மதியம் வேன் திரும்பியது. எண்ணினேன். பதினெட்டு. முனுசாமி கறுப்புக் கண்ணாடியைக் கொஞ்சம் உயர்த்தி என்னை உற்றுப் பார்த்தார்.

"நீங்கதான் சாரா? கொரல வெச்சி நாப்பது வயசு இருக்கும்னு நெனச்சிகினு இருந்தேன்!"

ஆபரேஷனை நன்றாகவே செய்திருக்கிறார்கள்.