நான் வாங்காமல் விற்ற மனை

நிலத்தை வாங்காமலே விற்கலாம் என்று ஒரு வெளிநாட்டு வீடியோவில் பார்த்தேன். உரிமையாளரோடு கிரய ஒப்பந்தம் போட்டு, அந்த ஒப்பந்தத்தை லாபம் வைத்து வேறொருவருக்குக் கைமாற்றி விடுவது. அங்கே இதற்கு புரோக்கர் லைசன்ஸ் வேண்டுமா என்று பெரிய சண்டையே நடக்கிறது. இங்கே? கேட்டவர்கள் எல்லாம், "அதெல்லாம் யாரு பாக்கறா" என்றார்கள். எனக்கு அது போதவில்லை. ரியல் எஸ்டேட் சட்டத்தை இணையத்திலிருந்து இறக்கி இரண்டு நாள் படித்தேன். பதிவான லேஅவுட்டில் மனை விற்றுத்தர ஏஜெண்ட் பதிவு வேண்டும். அதனால் கைக்கு வந்த ஒரு லேஅவுட் வேலையை மறுத்துவிட்டேன். தனியாளின் ஒற்றை மனை வேறு. ஒப்பந்தம் என் பேரில் இருந்தால், நான் விற்பது என் உரிமையைத்தான். வக்கீல் ஒருவரும் தலையாட்டினார்: "ஓனர்கிட்ட மறைக்காத வரைக்கும்."

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெரு நெசவாளர் ஒருவருக்கு ஏனாத்தூரில் மனை இருந்தது. அவர் குடியிருந்த வாடகை வீடு விலைக்கு வந்துவிட்டது. இரண்டு மாதத்தில் மனையை விற்று அவரே அதை வாங்காவிட்டால் காலி செய்ய வேண்டும். அவருடையது தரையில் குழி வெட்டி இறக்கிய தறி. பாவு நூல் பாதி நெய்தபடி நிற்கும்போது தறியைப் பிரிப்பதா?

மனையைக் காட்ட அவரே கூட்டிப்போனார். "போரு இந்த மூலையில போடும்மா. வாசப்படி கிழக்கால வெச்சிக்கோ."

நான் வீடு கட்டப்போவதாக நினைத்துக்கொண்டிருந்தார். 'தங்கள் பேரிலோ, தாங்கள் கோரும் நபர் பேரிலோ கிரயம் செய்து தருகிறேன்' என்ற வரி ஒப்பந்த வரைவில் இருக்கத்தான் செய்தது. எல்லா ஒப்பந்தத்திலும் வருவது. யாரும் நின்று படிப்பதில்லை. எங்கள் ஊர் புரோக்கர்கள் விற்பவரையும் வாங்குபவரையும் பத்திர ஆபீஸ் வரை சந்திக்கவே விடமாட்டார்கள். நானும் வாயை மூடிக்கொண்டிருக்கலாம்.

"அண்ணா, நான் வாங்கல. வேற ஆளைப் புடிச்சி மாத்தி விடுவேன். நடுவுல எனக்கு லாபம்."

"அப்ப புரோக்கருன்னு சொல்லு. அக்ரிமெண்ட்டு இன்னாத்துக்கு?"

"ஆள் கெடைக்கலன்னா புரோக்கர் கைய விரிச்சிடுவாரு. நான் புடிக்கலன்னா என் அட்வான்ஸ் உங்களுக்கு."

"அட்வான்ஸ வெச்சிக்கினு வீட்ட வாங்க முடியுமா? தறிய நீ தூக்கிக்கினு போவியா?"

"நாப்பது நாள்ல ஆள் வரலன்னா ரத்து பண்ணிக் குடுத்துடறேன்ணா. நீங்க யாருக்கு வேணா விக்கலாம்."

"வாயால சொல்லாத, பத்திரத்துல எழுது."

எழுதினேன். பதிவும் செய்தோம்.

முப்பத்தோராம் நாள், ஏனாத்தூர் கல்லூரி ஊழியர் ஒருவர் மனையைப் பார்த்தார். பிடித்துவிட்டது. ஆனால், "லைசன்ஸ் இருக்குதாம்மா?" என்றார்.

"இல்ல சார், இதுக்குத் தேவையில்ல. வில்லங்கம் போட்டுப் பாருங்க, என் அக்ரிமெண்ட் வரும். ஓனரையே காட்டறேன், வாங்க."

நேரே தறி வீட்டுக்கு அழைத்துப் போனேன். இருவர் முன்னாலும் என் லாபத்தைச் சொன்னேன். வந்தவர் முகம் சுளித்தார்.

"இவ்ளோவா?"

தறியிலிருந்து பதில் வந்தது: "குடு சார். வெயில்ல சுத்தி கருவாடா ஆயிடுச்சி பொண்ணு. நம்ம கிட்ட மொதல்லயே சொல்லிட்டுத்தான் சுத்துது."

பதிவு நாளில் எழுத்தர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "இதுல நீங்க யாரு?"

"ஒப்பந்ததாரர் சார். சம்மதிச்சிக் கையெழுத்துப் போட வந்திருக்கேன்." வரிசையே திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகச் சொல்லியிருக்கிறேன்.

"பேசினது போதும், ரேகைய வைமா," என்றார் நெசவாளர். "வீட்டுக்காரரு வெளிய நிக்கிறாரு. அடுத்த டோக்கன் என் வீட்டுப் பத்திரம்."