மேல பக்கத்து வாசல்

வீட்டுப் பிளான் வரைகிற அவரை எல்லோரும் 'ஸ்கேல்' என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டைப்பையில் பேனா இல்லாத நாள் உண்டு. ஆறங்குல ஸ்கேல் இல்லாத நாள் கிடையாது. சலவைக்கடைக்கு மேலே ஓர் அறை, சாய்வு மேசை ஒன்று, கீழேயிருந்து ஏறிவரும் இஸ்திரிச் சூடு. அவ்வளவுதான் அவருடைய ஆபீஸ்.

வீடு கட்டுவதாக யார் வந்தாலும் அவர் முதலில் தாளை விரிக்க மாட்டார். மனைக்குக் கூட்டிப்போய், "வாசல் எங்க வேணுமோ அங்க போய் நில்லுங்க" என்பார். கணவன் ஒரு மூலையிலும் மனைவி எதிர்மூலையிலும் போய் நிற்பதுண்டு. "முதல்ல ரெண்டு பேரும் ஒரே எடத்துல நில்லுங்க, அப்புறம் நான் வரையறேன்" என்று சொல்லிவிட்டு நிழல் பார்த்து உட்கார்ந்துகொள்வார். வாசலுக்கு ஒரு கல், வண்டிக்கு ஒரு கல் வைத்து, மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்துப் பார்த்த பிறகுதான் பென்சிலைத் தொடுவார்.

"இவரை மாதிரி நிதானமான ஆள் கிடையாது" என்பார்கள். அப்போதெல்லாம் ஸ்கேல் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார். அந்த நிதானம் எங்கிருந்து வந்தது என்பது அவருக்கும் ஒரு மேஸ்திரிக்கும் மட்டும்தான் தெரியும். மேஸ்திரி போய்ச் சேர்ந்து இரண்டு வருஷமாகிறது.

அதற்கும் முன்னால், ஒன்பது வருஷத்துக்கு முன்பு, அவருடைய அக்காவும் அத்தானும் சரிவில் ஒரு மனை வாங்கினார்கள். கிழக்கே மேட்டில் ஒரு ரோடு, மேற்கே பள்ளத்தில் ஒரு ரோடு, இடையில் ஒன்பதடி இறக்கம். கைநிறைய வேலை இருந்த நேரம். ஸ்கேல் மனைக்குப் போகாமல், சர்வேயர் கொடுத்த அளவுப்படத்தை வைத்துக்கொண்டு மேசையிலேயே வரைந்தார். அத்தான் போனில் சொன்னது ஒரே வரி: "வாசல் மேல பக்கம் இருக்கட்டும் மாப்ளே. வண்டி கீழ பக்கம் நிக்கட்டும்."

ஸ்கேல் நாள் முழுக்கப் பத்திரங்களைப் புரட்டுகிறவர். பத்திரத்தில் மேல்புறம் என்றால் மேற்கு, கீழ்புறம் என்றால் கிழக்கு; மேடு பள்ளம் என்ற பேச்சே அதில் வராது. மேற்கே வாசலைப் போட்டார், கிழக்கே கார் ஷெட்டைப் போட்டார். மேற்குதான் பள்ளம் என்பது கண்முன்னே படத்தில் இருந்தது. ஏன் இப்படிக் கேட்கிறார்கள் என்று ஒரு கணம் தோன்றவும் செய்தது. அக்காவுக்குச் சாயங்கால வெளிச்சம் பிடிக்கும், அதற்காக இருக்கும் என்று கேள்வியையும் கேட்டுப் பதிலையும் அவரே சொல்லிக்கொண்டார். ஒரு போன் போட்டிருக்கலாம்.

அக்கா பிளானைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள். "நீ போட்டா சரியாத்தான்டா இருக்கும்" என்று கையெழுத்தைப் போட்டுவிட்டாள்.

மனையில் சுண்ணாம்புக் கோடு போட்ட அன்று மேஸ்திரி இழுத்தார். "சார், மேட்டு ரோட்டை விட்டுட்டுப் பள்ளத்துல வாசல் வெக்கறீங்களே. ஏறிவரப் பதினேழு படி வேணும். வண்டி மட்டும் உச்சியில சொகுசா நிக்குது. அதுவா வந்து சோபாவுல உக்காரப் போவுது?"

"மேல பக்கம்னுதான் அத்தான் சொன்னாரு" என்று ஸ்கேல் வாயைத் திறந்தார். சொல் வெளியே வரும்போதே விஷயம் விளங்கிவிட்டது. அத்தான் சொன்னது திசையை அல்ல, உயரத்தை.

வெறும் சுண்ணாம்புக் கோடுதான். காலால் தேய்த்தால் போயிருக்கும். ஆனால் அனுமதி வாங்கிய பிளான். திரும்ப வரைய வேண்டும், திரும்ப வரிசையில் நிற்க வேண்டும். அதெல்லாம்கூட சாக்குதான். தம்பி கை வைத்தால் தப்பாகாது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த அக்காவின் முன்னால் போய் நிற்க வேண்டும்.

"அவங்க கேட்டது அதான். தோண்டுங்க" என்றார். மேஸ்திரி அவர் முகத்தை ஒரு தடவை பார்த்தார். தோண்டுகிற ஆட்களுக்குக் கை காட்டினார்.

வீடு எழும்பியதும் அக்கா மூச்சு வாங்கிக்கொண்டே படிகளை எண்ணினாள். "ஏன்டா இப்படி?"

"அத்தான் போன்ல அப்படித்தான்க்கா சொன்னாரு."

அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அதுதான் அதிலிருந்த கேவலம்.

அன்றிலிருந்து, படியேறி வந்து நெஞ்சைப் பிடித்துக்கொள்கிற விருந்தாளிகளுக்குத் தண்ணீரோடு சேர்த்து அக்கா இதையும் கொடுத்தாள்: "எங்க வீட்டுக்காரருக்கு மேல எது கீழ எதுன்னு தெரியாது. சட்டையைக் காலுல மாட்டாம இருக்காரே, அதுவே பெரிசு." அத்தானும் கூடச் சேர்ந்து சிரிப்பார். ஸ்கேல் அந்த வீட்டுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார்.

போன மழைக்காலத்தில் அத்தான் ஒன்பதாவது படியில் வழுக்கினார். இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து நாற்காலியோடு நாலு பேர் தூக்கிவந்து வீட்டில் போட்டார்கள். நாற்பது நாளாக வெளியே வரவில்லை. நடக்கச் சொல்கிறார் டாக்டர்; வாசலைத் தாண்டினால் படி. அக்கா போன் செய்தாள். "பின்னாடி குளியலறையை எடுத்துட்டு, கார் ஷெட் வழியா ஒரு கதவு வெச்சுக் குடு. அளவெடுக்க வா."

ஸ்கேல் டேப்போடு போனார். அத்தான் கட்டிலில் சாய்ந்திருந்தார்.

"வா மாப்ளே. நான் அன்னிக்கு ஒழுங்கா சொல்லியிருந்தா உனக்கு இந்த அலைச்சலே இல்ல."

"அன்னிக்கு வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க?" என்றாள் அக்கா, போர்வையை மடித்தபடி.

"அதான் படுத்துக்கிட்டே யோசிக்கறேன். மேல பக்கம்னு சொன்னதாத்தான் ஞாபகம். ஆனா மாத்திச் சொல்லியிருப்பேன் போல. இப்பல்லாம் என் ஞாபகத்தை நானே நம்பறதில்ல."

ஸ்கேல் இழுத்த டேப் கையை விட்டுச் சர்ரென்று உள்ளே ஓடியது.

"அத்தான் சரியாத்தான் சொன்னாருக்கா. மேலன்னதை நான் மேற்குன்னு எடுத்துக்கிட்டேன். தப்பு என்னோடது."

அக்காவின் கை போர்வையில் நின்றது. "எப்ப தெரிஞ்சுது உனக்கு?"

"கோடு போட்ட அன்னிக்கு."

"வீடு முடிஞ்சப்புறம்தான் தெரிஞ்சுதுன்னு நீ சொல்லுவேன்னு பார்த்தேன்" என்றாள்.

மடித்த போர்வையைப் பிரித்து, அத்தானின் காலை மூடி, ஓரங்களைச் செருகினாள். அது சரியாக இருந்தும் மறுபடி செருகினாள். பிறகு, "டேப்பை எடு" என்று ஷெட்டுக்கு நடந்தாள்.

"கதவு எங்க வரணும்க்கா?"

மேல என்றும் சொல்லவில்லை, கீழ என்றும் சொல்லவில்லை. சுவரோரம் போய் நின்று, "இங்க" என்றாள். அவர் அந்த இடத்தில் கல் வைத்தார். டேப்பின் மறுமுனையை அவள் பிடித்துக்கொண்டாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அத்தானின் குரல் வந்தது. "மாப்ளே."

"சொல்லுங்க அத்தான்."

"அப்ப நான் சரியாத்தான் சொன்னேனா?"

"ஆமா அத்தான். மேல பக்கம்னுதான் சொன்னீங்க."

"இன்னொரு தடவை சொல்லு. அவளுக்குக் கேட்டிருக்காது."

"கேட்டுது" என்றாள் அக்கா. அந்தக் குரல் சுவரைத் தாண்டியிருக்காது.

ஸ்கேல் இன்னொரு தடவை, உரக்கச் சொன்னார்.