காலை நீட்ட மாட்டேன் என்ற ஊர்கள்

நோயாளிப் பிரதிநிதி வேலையில் நோயைவிடக் கூட்டங்களைத்தான் அதிகம் தாங்க வேண்டும். ஆஸ்பத்திரி வரிசையிலும் ஆபீஸ் பெஞ்சிலும் காத்துக் கிடக்கிற என் இனமே, உங்களுக்குத் தெரியாததா! சங்கரன்கோவிலில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். உள்ளங்காலில் ஒரு கறுப்புப் புள்ளி வந்தது. கால் ஆணி என்றார்கள், முள் குத்திய தடம் என்றார்கள். கடைசியில் தோல் புற்றுநோய். குதிகாலில் பாதியை வெட்டித்தான் என்னைப் பிழைக்க வைத்தார்கள். கிராம முகாமில் பிரஷர் பார்க்கிற நர்ஸ் உள்ளங்காலையும் பார்க்கணும், இது சட்டமாகணும் என்று அன்றைக்கே பிடிவாதம் பிடித்தேன்.

ஒரு நாற்காலி

மாவட்டச் சுகாதாரக் கமிட்டியில் நோயாளிகள் சார்பில் எனக்கும் இடம் கிடைத்தது. தோல் புற்றுநோய்த் திட்டத்தில் சோதிக்க வேண்டிய இடங்களாக முகம் இருந்தது, கழுத்து இருந்தது, கால் இல்லை. சேருங்கள் என்றேன். அதிகாரி நல்ல மனுஷர். சிரித்துக்கொண்டே சொன்னார்: "சேத்திரலாம்மா. ஆனா நம்ம ஊர்ல யாரு நர்ஸ் முன்னால காலை நீட்டுவா? நடத்திக் காட்டுங்க, பாப்போம்."

இளையரசனேந்தல்

நானும் முகாம் நர்ஸ் செல்வியும் போனோம். ஊர்க்காரர்கள் முதுகைக் காட்டினார்கள். காலைக் கேட்டால் வேட்டியை இழுத்து மூடிக்கொண்டார்கள். என் குதிகாலைக் காட்டிப் பயமுறுத்தியும் பார்த்தேன். பாவப்பட்டுப் பொரிகடலை கொடுத்தார்களே தவிர, காலைக் கொடுக்கவில்லை. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. மாடசாமி என்ற விவசாயி செல்வியைக் கும்பிட்டே விட்டார்: "மகாலெச்சுமி மாதிரி இருக்கு. அது மூஞ்சிக்கு நேரா காலை நீட்டுனா எனக்குச் சோறு எறங்குமா தாயி?"

கடையநல்லூர்

அங்கும் இதே கதைதான். பையைத் தூக்கிக் கிளம்பப் போனேன். மைமூன் என்ற பெண் பாயை விரித்து, தொழும்போது உட்காருவதுபோல் காலைப் பின்னால் மடித்து உட்கார்ந்தாள். உள்ளங்கால் ரெண்டும் பளிச்சென்று தெரிந்தன. யார் மூஞ்சிக்கும் கால் நீளவில்லை. செல்வி பின்னால் உட்கார்ந்து டார்ச் அடித்துப் பார்த்தாள். வந்திருந்த பெண்கள் எல்லோரும் வரிசையில் நின்றுவிட்டார்கள். நான் வாயைப் பிளந்தேன். மைமூன் சாதாரணமாகச் சொன்னாள்: "தெனம் இப்படித்தானக்கா இருக்கோம். பின்னால உள்ளவங்களுக்குப் பாதம் தெரியத்தான செய்யும்."

மறுபடியும் இளையரசனேந்தல்

இந்தத் தடவை பெஞ்சில் மண்டிபோடச் சொன்னோம். மாடசாமி சுவரைப் பார்த்தபடி சந்தோஷமாக ஏறினார். அவர் பாதத்தில் மிளகளவு கறுப்பு. அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினோம். திருநெல்வேலியில் சோதித்தார்கள். அதேதான், ஆனால் ஆரம்பம். அதை மட்டும் அறுத்து எடுத்து அனுப்பிவிட்டார்கள். முழுக் குதிகாலோடு என் கடைக்கு நடந்தே வந்தார். எனக்கு அடக்க முடியாமல் அழுகை வந்தது. "எதுக்கு அழுவுதீய? நாந்தான் நல்லா நடக்கேன்லா" என்றார்.

அதே கமிட்டி

எப்படிப் பார்த்தீர்கள் என்று என்னையும் செல்வியையும் கேட்டார்கள். வாயால் சொன்னால் விளங்காது, நாற்காலியை விட்டு இறங்குங்கள் என்றேன். ஷூவைக் கழற்றிவிட்டு அத்தனை பேரும் மண்டிபோட்டார்கள். இனி மாவட்டத்தில் எந்த முகாமிலும் உள்ளங்கால் பார்க்க வேண்டும் என்று அன்றே முடிவானது. அதிகாரி எழுந்திருக்கவே இல்லை. திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "செல்வி, அப்படியே எனக்கும் பாத்துச் சொல்லிரும்மா."

ஒரு கமிட்டியையே மண்டிபோட வைத்தவள் நான் என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அதில் ஒரு சொட்டுப் பொய் கிடையாது.