ஒரே எடைமேடையில் இரண்டு கார்கள்

எங்கள் பழைய பெட்ரோல் காரை மாற்ற நினைத்தபோது, ஹைபிரிட் கார்தான் லாபம் என்று நோட்டில் கணக்குப் போட்டே நிரூபித்துவிட்டேன். சும்மாவா, நான் கணக்கு டீச்சர்! முன்பணம் கட்டக் கிளம்பும்போது, தூத்துக்குடி துறைமுகத்தில் லாரிகளை எடை போடும் என் கணவர் நோட்டைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏளா, ஹைபிரிட்டுக்கு கம்பெனி சொன்ன மைலேஜு, பெட்ரோலுக்கு நம்ம பழைய வண்டி ஓடுத மைலேஜா? காலி லாரிய ஒரு எடைமேடையிலயும் லோடு லாரிய வேற மேடையிலயும் நிறுத்துனா சரக்கு எடை சரியா வருமா?"

நோட்டில் சிவப்பு மையால் எனக்கு நானே சைபர் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் ஷோரூமில் கேட்டு வாங்கி, புது ஹைபிரிட், புது பெட்ரோல் இரண்டு கார்களையும் ஒரே சாலையில், ஏ.சி. போட்டு ஓட்டி மைலேஜைக் குறித்தோம். விலை, இன்சூரன்ஸ், சர்வீஸ், பிறகு விற்றால் கிடைப்பது எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக்கொண்டேன். ஊருக்குள்ளேயே கொஞ்ச தூரம் மட்டும் ஓட்டும் எங்களுக்குப் பெட்ரோல் கார்தான் லாபம். சாத்தான்குளத்திலிருந்து தினமும் தூத்துக்குடி வந்துபோகும் என் தம்பிக்கோ, அதே கணக்கில் ஹைபிரிட்! கிறிஸ்துமஸுக்கு இரண்டு புதுக் கார்களும் எங்கள் வாசலில் நின்றன.

இப்போது யாராவது, "எந்தக் கார் லாபம் டீச்சர்?" என்றால், நான் காரைப் பற்றிப் பேசுவதே இல்லை. "தினமும் எவ்வளவு தூரம் ஓட்டுவீங்க?" என்றுதான் கேட்கிறேன்.