இம்மாகுலேற் இறங்கிய ஆறு

பாசையூரில் பிறந்த பெண்ணுக்குத் தண்ணீரைக் கண்டால் பயம் என்று சொன்னால் ஊர் சிரிக்கும். சிரித்தது. சிரிப்பவர்களுக்கென்ன? இம்மாகுலேற்றின் அப்பாவுடைய வள்ளம் ஒருநாள் விடியற்காலை ஓட்டைகளோடு கரைக்கு வந்தது. அப்பா வரவில்லை. நேவி சுட்டதாகச் சொன்னார்கள். அதற்குப் பிறகு அவள் கணுக்கால் நனையக்கூடக் கடலில் இறங்கவில்லை.

அப்படிப்பட்டவள் கட்டிக்கொண்டது யாரை என்று நினைக்கிறீர்கள்? பெனடிக்றை! நேவி வெளிச்சம் அடிக்க அடிக்க, அக்கரைக்கு ஆட்களை ஏற்றி இறக்கிய கடற்காரன். பயம் என்பது அவனுக்கு அடுத்த வீட்டுக்காரருக்கு வருகிற காய்ச்சல். லண்டனுக்கு வந்து, செவன் கிங்ஸில் குடியேறி, பெற்றோல் செற்றில் ஷிப்டுக்கு நின்றபோதும் அவன் மாறவில்லை. மனைவியைப் பற்றிப் பேச்சு வந்தால், "இவவுக்கு வாளித் தண்ணியைக் கண்டாலும் கை கால் உதறும்" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பான். அவளும் கூடச் சிரிப்பாள். உள்ளுக்குள் எரியும்.

அவள் மாலை வகுப்புக்குப் போய் ஏ லெவல் எடுத்து, தொண்ணூற்றிரண்டில் ஒரு கல்லூரியில் பௌதிகப் புவியியல் படிக்கச் சேர்ந்தாள். சனம் சும்மா இருக்குமா? "அக்கவுண்டன்சி கிடக்க, ஆறும் மலையும் படிச்சு என்ன கிழிக்கப் போறாள்?" என்றது. அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. கடிக்கிற நாய் எப்போது கடிக்கும் என்று தெரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும் என்று நம்பினாள். போகவில்லை. படிக்கப் படிக்கப் பயத்துக்கு அளவும் சேர்ந்ததுதான் மிச்சம்.

யாழ்ப்பாணத்துக் கடல், தண்ணீர் இறங்கும் வத்துக்கும் ஏறும் பெருக்குக்கும் இடையில் முழங்கால் உயரம்கூட ஒழுங்காக ஏறாது. லண்டனில் தேம்ஸ் ஆறோ, கடல் உள்ளே தள்ள, ஒரு பெருக்கில் மூன்று நான்கு ஆள் உயரம் ஏறும். விரிவுரையில் அதைக் கேட்ட அன்று அவள் வேறெங்கும் நிற்கவில்லை. ஓடி வந்து பெனடிக்றிடம் சொன்னாள்.

"ஆறு ஏறுமாம், ஆறு! மழை பெஞ்சால் ஏறும், விட்டால் வத்தும்" என்றான் அவன்.

அடுத்த வசந்தத்தில் வந்தது வினை. வத்து நேரத்தில் தேம்ஸ் கரைச் சேற்றில் இறங்கி, படியடியிலிருந்து தண்ணீர் விளிம்புவரை மண் எடுத்து வரவேண்டும். செய்யாவிட்டால் அந்த வருடம் போச்சு. தனியே இறங்கக்கூடாது என்பது கல்லூரி விதி. சோடியாக வரவேண்டிய பெண் காய்ச்சலில் படுத்துவிட்டாள்.

"நான் வாறன். நான் நிக்கேக்க உனக்கென்ன பயம்?" என்றான் பெனடிக்ற்.

கிழக்கு லண்டனில், தொழிற்சாலைகளின் பின்புறம், பாசி பிடித்த படிகளால் இறங்கினார்கள். ஆறு தூரத்தில் ஒதுங்கிக் கிடந்தது. பெனடிக்றுக்கு ஊருக்கே போன சந்தோஷம். சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, சிவப்பும் வெள்ளையும் அடித்த அளவுக் கம்பை இவள் கையில் கொடுத்து, மண் எடுக்கும் பைகளைத் தூக்கிக்கொண்டு விறுவிறென்று நடந்தான். குறுக்கே ஒரு சின்ன வாய்க்கால், வற்றிக் கிடந்தது. அதைத் தாண்டிப் போய் விளிம்பில் நின்றான்.

"இஞ்சேருங்கோ, எடுத்தது காணும். தண்ணி திரும்புற நேரம் வந்திட்டுது. ரைம்ரேபிளில கிடக்கு."

"இஞ்ச பஸ்சே ரைம்ரேபிளுக்கு வாறேல்லை, கடல் வருமோ?"

அவள் வாய்க்காலுக்கு இந்தப் பக்கமே கம்பை ஊன்றி நின்றாள். கடலைத் தெரிந்தவன் அவன், தான் பயந்தாங்கொள்ளி. இத்தனை வருடம் கேட்ட சிரிப்பு அவளை அப்படி நம்ப வைத்திருந்தது.

பெனடிக்ற் ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றான். ஊரில் தண்ணீர் முன்னால்தான் வரும். இங்கே அது அவனுக்குப் பின்னால் வந்தது. சத்தமில்லை, அலையில்லை. வாய்க்கால் நிறைந்துகொண்டிருந்தது.

"ஐயோ! பின்னால பாருங்கோ! ஓடி வாங்கோ!"

"பயத்தில கத்தாதை!"

"பயமில்லையப்பா, படிச்சுத்தான் சொல்லுறன்!"

பொய். பயத்தில்தான் கத்தினாள். ஆனால் படிப்பும் அதையேதான் சொன்னது.

அவன் திரும்பிப் பார்த்தான். ஓடி வந்து வாய்க்காலுக்குள் கால் வைத்தான். சுரிச் சேறு தொடைவரை இழுத்தது. ஒரு காலைப் பிடுங்க மறு கால் இறங்கியது. பைகள் மிதந்து போயின. தண்ணீர் இடுப்புக்கு வந்தது. ஊர்ச் சுரியை நன்றாக அறிந்தவன், "கொஞ்சம் பொறு, கொஞ்சம் பொறு" என்று ஆற்றிடம் கெஞ்சினான்.

இம்மாகுலேற் மாதாவைக் கூப்பிட்டாள். அப்பாவையும் கூப்பிட்டாள். பிறகு இறங்கினாள். முழங்கால், தொடை, இடுப்பு. குளிர் எலும்பில் ஏறியது. கல்லுப் பாங்கான இடமாகக் காலால் தடவி நின்றுகொண்டு, கம்பை நீட்டினாள்.

"படுங்கோ! நெஞ்சால படுத்து இழுங்கோ!"

அவன் தண்ணீரில் குப்புறப் படுத்துக் கம்பைப் பற்றினான். அவள் இழுத்தாள். அவன் முகம் ஒருதரம் உள்ளே போனது. அவள் அலறிக்கொண்டே இழுத்தாள். சுரி விட்டது.

படியில் ஏறி விழுந்தபோது அவர்கள் நின்ற இடம் இல்லை. ஆறுதான் இருந்தது. பெனடிக்ற் சேற்றைத் துப்பினான். 

"எனக்குப் பயமாக் கிடக்கு, இம்மா."

என்றைக்காவது அவன் வாயால் இதைக் கேட்கவேண்டும் என்று எத்தனை நாள் ஆசைப்பட்டிருப்பாள்! கேட்டபோது அது வேண்டவே வேண்டாம் என்றிருந்தது. இவனும் பயந்தால் இனி வீட்டில் பயமில்லாமல் யார் இருக்கிறார்கள்? "ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை" என்று அவன் தலையைத் தடவினாள்.

மண் எல்லாம் ஆற்றோடு போய்விட்டதால் அடுத்த பெரிய வத்துக்குத் திரும்ப வரவேண்டியிருந்தது. "படிப்பும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்" என்று பெனடிக்ற் மன்றாடினான். ஆனால் அவளைத் தனியே விடவும் மனம் வரவில்லை. கூடவே வந்து, படியின் உச்சியில் நின்றுவிட்டான். அதற்குக் கீழே அவனால் இறங்க ஏலவில்லை. இம்மாகுலேற் இறங்கினாள்.

"தண்ணி ஏறுது! வா மேல!"

அவள் வாய்க்காலைப் பார்த்தாள். இன்னும் வற்றிக்கொண்டுதான் இருந்தது.

"இல்லையப்பா, நேரம் கிடக்கு."

"வாவன், இம்மா!" என்று அவன் அழுதான்.

"மாதாவே, மாதாவே" என்று முணுமுணுத்தபடி, அவள் குனிந்து அடுத்த பையை நிரப்பினாள்.